கொட்டான் ஓரத்தில் ஒரு கணக்கு

செட்டிநாட்டு விசேஷ வீடுகளில் கொட்டான் பார்த்திருப்பீர்கள். பனை ஓலையை ஒரே அகலத்தில் வார்ந்து, சாயம் ஏற்றி, ஆச்சிமார் வீட்டிலிருந்தபடியே முடைந்த கூடை. இப்போது புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. ஓர் ஓலைக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே. நடுவில் ஒன்று தப்பினால் கட்டம் முழுக்கக் கோணிவிடும். ஆதி தாளம் நாலு, இரண்டு, இரண்டு என எட்டு அட்சரம் முடிந்து சமத்துக்குத் திரும்புகிறதே, வண்ண ஓலையும் அப்படித்தான், எண்ணிக்கை முடிந்ததும் தொடங்கிய நிறத்துக்கே வந்து சேரும்.

சில கொட்டான்களின் விளிம்பில் குரோஷா பின்னல் வைத்துத் தைத்திருப்பார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான். சுற்றுக்குச் சுற்று கண்ணிகளை ஒரே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போனால் பின்னல் தட்டையாகப் படியாது; புடவைக் கொசுவம் மாதிரி அலை அலையாக எழும். கணிதத்தில் இதை அதிபரவளைவுத் தளம் என்பார்கள். தாளில் வரைந்து புரியவைக்கச் சிரமமான இந்த வடிவத்தை, 1997இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகக் கணித ஆசிரியை டைனா தைமினா குரோஷா ஊசியால் பின்னி, மாணவர்கள் தொட்டுப் பார்க்கக் கொடுத்தார்.

வீட்டு அலமாரியில் பழைய குரோஷா பின்னல் இருந்தால் எடுத்து, எத்தனை கண்ணிக்கு ஒரு கண்ணி கூட்டியிருக்கிறது என்று விரலால் எண்ணிப் பாருங்கள், நேயர்களே.