முத்திரை மட்டும் போதுமா?

உடப்புக் கடற்கரையில் ஆண்டுதோறும் திரௌபதையம்மன் ஆலயத் தீமிதி விழா நடைபெறுகிறது. சபை நடுவே ஒரு பெண் அவமதிக்கப்பட்ட கதையை அங்குள்ள சிறுவரும் கேட்டே வளர்கின்றனர். ஆயினும் துச்சாதனனை வீரனென்று எவரும் போற்றுவதில்லை. கொடுமையைக் கொடுமை என்றே அக்கதை கூறுகிறது.

திரைப்படங்கள் யாவும் அவ்வாறு கூறுவதில்லை. 2017இல் தெலுங்கில் வெளிவந்த ‘அர்ஜுன் ரெட்டி’, 2019இல் ‘ஆதித்ய வர்மா’ எனத் தமிழிலும் எடுக்கப்பட்டது. தெலுங்குப் படத்தின் நாயகன் சம்மதம் கேளாமலே பெண்ணை முத்தமிடுகிறான். காதலியான பின் கன்னத்தில் அறைகிறான். இறுதியில் அவளையே அடைகிறான். இந்தியத் தணிக்கைக் குழு அதற்கு ‘ஏ’ முத்திரை அளித்தது. பதினெட்டு வயது நிரம்பியோரே பார்க்கலாம் என்பது அதன் பொருள். எவர் பார்க்கலாம் என்று உரைத்த முத்திரை, உள்ளே இருப்பது யாது என்று உரைக்கவில்லை.

இந்தியாவின் 2021ஆம் ஆண்டு விதிகளோ, இணையவழிப் படங்கள் வயது வரம்புடன் உள்ளடக்கத்தின் தன்மையையும் தொடக்கத்திலேயே காட்டவேண்டுமெனப் பணிக்கின்றன. நன்று! ஆனால், திரையரங்க வாயிலில் வயதை வினவ ஆள் உண்டு; சிலாபத்திலோ கற்பிட்டியிலோ வீட்டுக் கைப்பேசியில் அதே படம் ஓடும்போது வினவுவார் யார்?

அடிப்பது அன்பாகாது. இல்லத்தில் நிகழும் வன்முறைக்கு எதிராக நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெற, நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்துள்ளது. இதனை மாணவரும் அறிதல் வேண்டும்.

பெற்றோரே, படத்தை நிறுத்திவிடுவது எளிது. அதனினும் பயனுள்ளது, பிள்ளையின் அருகில் அமர்ந்து, ‘இவன் செய்தது முறையா?’ என்று ஒருமுறை கேட்பதேயாகும்.