தொரட்டிக்கு அடுத்து என்ன? பேட்டரி ரம்பமா, பெட்ரோல் ரம்பமா?



2016 டிசம்பர் 12. வர்தா புயல் சென்னையில் கரை கடந்த நாள். கிண்டி தேசியப் பூங்காவிலும், அதை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்திலும், சுற்றியுள்ள தெருக்களிலும் எத்தனை மரங்கள் சாய்ந்தன! நகரம் முழுவதும் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. வீட்டு மேலே, வண்டி மேலே, மின்கம்பி மேலே கிளைகள் கிடந்தன. இரண்டு வருடம் கழித்து, 2018 நவம்பர் 16-ல் கஜா புயல். டெல்டா மாவட்டங்களில் தென்னையும் மாவும் பலாவும் வேரோடு போனதை நாம் மறக்க முடியுமா?

புயலை நிறுத்த நம்மால் முடியாது. ஆனால் காய்ந்த கிளை, கூரைமேல் சாய்ந்த கிளை, ஒரே பக்கம் பாரம் ஏறிய கிளை, இதையெல்லாம் ஐப்பசி மழைக்கு முன்னாடியே கழித்துவிட்டால் பாதி ஆபத்து குறையும். இந்த வேலைக்கு ஊரில் ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி அதிகம். அதனால்தான் பல குழுக்களில் இப்போது ஒரு கேள்வி வருகிறது: "கிளை வெட்டுற மெஷின் ஒண்ணு குழுவுக்கு வாங்கினா என்ன? வாடகைக்கும் விடலாமே!"

நல்ல யோசனைதான். ஆனால் பேட்டரியில் ஓடுவது வாங்குவதா, பெட்ரோலில் ஓடுவது வாங்குவதா? தெரியாமல் வாங்கினால் குழுப் பணம் மூலையில் தூங்கும். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இது என்ன கருவி?

நம் வீட்டுத் தொரட்டியைத் தெரியும் இல்லையா? நீளக் கம்பின் நுனியில் வளைந்த கத்தி. அதே கம்பின் நுனியில் கத்திக்குப் பதிலாகச் சங்கிலி ரம்பம் இருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் இந்தக் கருவி. கடையில் 'போல் சா' என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.

இதன் பெரிய நன்மை ஒன்றே ஒன்று. மரத்தில் ஏற வேண்டாம்! முருங்கைக் கிளை எவ்வளவு சுலபமாக முறியும் என்று நமக்கே தெரியும். முருங்கை மரம் ஏறுவது வேதாளத்துக்குச் சரி, நமக்குச் சரிப்படாது. மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்தவர்கள் இல்லாத ஊர் உண்டா? தரையில் நின்றே வெட்டலாம் என்பதுதான் இந்தக் கருவிக்கு நாம் கொடுக்கும் விலை.

பேட்டரி ரம்பம்

பொத்தானை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். கயிறு இழுக்க வேண்டாம். புகை இல்லை. சத்தம் குறைவு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அங்கன்வாடி பக்கத்தில் வேலை செய்ய ஏற்றது. எஞ்சின் பராமரிப்பு என்று எதுவும் கிடையாது. சங்கிலியைத் தீட்டி, சங்கிலி எண்ணெய் ஊற்றினால் போதும்.

குறை என்ன? பேட்டரி தீர்ந்தால் வேலை நிற்கும். நடுத்தர அளவுப் பேட்டரி ஒன்று ஓயாமல் ஓடினால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை வரும். சார்ஜ் ஏற மறுபடி நேரம் ஆகும். பேட்டரிதான் இதில் விலை அதிகமான பாகம். சில நூறு முறை சார்ஜ் செய்த பிறகு அதன் தெம்பு குறையத் தொடங்கும். வெயிலில் வைத்தால் இன்னும் சீக்கிரம் கெடும். மழையில் நனைய விடக்கூடாது.

இன்னொரு விஷயம். சில கடைகளில் விளம்பரப் பலகையில் ஒரு விலை, கையில் கொடுக்கும்போது ஒரு விலை. காரணம், பேட்டரியும் சார்ஜரும் தனி! "பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டு வாங்குங்கள்.

பெட்ரோல் ரம்பம்

பலம் அதிகம். புளி, வேம்பு, புங்கன் மாதிரி கெட்டி மரத்தின் தடித்த கிளைக்கும் சளைக்காது. பெட்ரோல் ஊற்ற ஊற்ற நாள் முழுக்க ஓடும். கரண்ட் இல்லாத தோப்பிலும் கவலை இல்லை.

குறை? சத்தம் காதைத் துளைக்கும். காது மூடி கட்டாயம். கை அதிரும். புகை வரும். கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணப் பழக்கம் வேண்டும். பெரும்பாலும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், அதனால் பெட்ரோலில் ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். கையேட்டில் 50-க்கு 1 என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். 25-க்கு 1 என்றால் 40 மில்லி. வெறும் பெட்ரோல் ஊற்றினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும், செலவு பெரிதாகிவிடும். கலந்த பெட்ரோலை மாதக் கணக்கில் டப்பாவில் வைக்கவும் கூடாது. சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றக்கூடாது, ஆற விடுங்கள்.

கடையில் தூக்கிப் பாருங்கள்

பேட்டரி ரம்பம் பொதுவாக 3 முதல் 5 கிலோ. பெட்ரோல் ரம்பம் 6 முதல் 8 கிலோ. அப்போ பேட்டரிதான் லேசு என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்படாதீர்கள்! பாரம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் கருவியில் எஞ்சின் கைப்பக்கம் இருக்கும், தோள்பட்டையில் வார் மாட்டிக்கொள்ளலாம். சில பேட்டரி கருவிகளில் மோட்டார் நுனியில் இருக்கும். மொத்த எடை குறைவுதான், ஆனால் கம்பை முழுசா நீட்டித் தூக்கினால் நுனிப் பாரம் தோளை இழுக்கும். குடத்தை இடுப்பில் வைப்பதற்கும் கை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

அதனால் வேலை செய்யப்போகிற சகோதரியே நேரில் போக வேண்டும். பேட்டரி மாட்டி, கம்பை நீட்டி, ஐந்து நிமிடம் தூக்கிப் பிடித்துப் பார்க்கட்டும். வீட்டுக்காரர் பார்த்து வாங்கி வந்தால் அவர் தோளுக்குத்தான் சரியாக இருக்கும்!

கணக்குப் போடுவோம்

ஒரு நாளில் ரம்பம் ஓடும் நேரம் 2 மணி என்று வைத்துக்கொள்வோம். மீதி நேரம் கிளையை இழுப்பது, அடுக்குவது என்று போய்விடும்.

பெட்ரோல்: சுமார் ஒன்றரை லிட்டர் ஆகும். லிட்டர் 100 ரூபாய் என்றால் 150 ரூபாய். ஆயில் தனி.

பேட்டரி: 36 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 36-ஐ 5-ஆல் பெருக்குங்கள். 180 வாட்-மணி. அதாவது ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. மூன்று பேட்டரி சார்ஜ் செய்தாலும் கரண்ட் செலவு ஐந்தாறு ரூபாய்.

அடேயப்பா, பேட்டரிதான் லாபம்! பொறுங்கள். மூன்று பேட்டரி வேண்டுமே? கருவியோடு ஒன்றுதான் வரும். கூடுதல் பேட்டரி ஒன்று 12,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் இரண்டுக்கு 24,000. ஒரு நாளைக்கு 150 ரூபாய் மிச்சம் என்றால் அந்தப் பணம் திரும்பி வர 160 வேலை நாள் ஆகும். வருடத்துக்கு 80 நாள் வேலை இருந்தால் இரண்டே வருடம். வருடத்துக்கு 20 நாள்தான் வேலை என்றால் எட்டு வருடம்! அதற்குள் பேட்டரிக்கே வயசாகிவிடும். உங்கள் ஊர் விலையைப் போட்டு இந்தக் கணக்கைக் குழுக் கூட்டத்தில் செய்து பாருங்கள்.

எது யாருக்கு?

- வீட்டைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு முருங்கை, கொய்யா, எலுமிச்சை மட்டும்தானா? எதுவும் வாங்க வேண்டாம். தொரட்டியும், கம்பில் மாட்டும் கை ரம்பமும் போதும்.
- கிளை மணிக்கட்டு அளவு, ஒரு நாளைக்கு ஒரு மணிக்குள் வேலை, பக்கத்தில் கரண்ட் உண்டா? ஒரே பேட்டரியுடன் பேட்டரி ரம்பம்.
- வருடம் முழுக்கத் தொடர் வேலை, பள்ளி, அலுவலக வளாகம் என்று ஆர்டர் வருமா? கூடுதல் பேட்டரியுடன் பேட்டரி ரம்பம்.
- பெரிய மாந்தோப்பு, புளியந்தோப்பு, தடித்த கிளை, கரண்ட் வசதி இல்லையா? பெட்ரோல் ரம்பம்.
- வருடத்தில் ஒரு பத்து நாள் மட்டும் பெரிய வேலையா? வாடகைக்கு எடுங்கள். கடன் வாங்கிக் கருவி வாங்காதீர்கள்.

எங்கே விசாரிப்பது?

மதி கண்காட்சிக்கோ, பயிற்சிக்கோ சென்னைக்கு வரும் சகோதரிகள் கிண்டியில் இறங்கி விசாரிக்கலாம். புறநகர் ரயிலும் மெட்ரோவும் நிற்கும் இடம் அது. 1958-ல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டை அங்கேதான் இருக்கிறது. மத்திய அரசின் குறு, சிறு தொழில் வளர்ச்சி அலுவலகம் கிண்டியில் உண்டு. பக்கத்து ஈக்காட்டுத்தாங்கலில் மாநில அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. கருவியை வைத்துத் தொழில் செய்ய நினைக்கும் குழுக்கள் பயிற்சி பற்றி இங்கே கேட்கலாம்.

மானியம் வேண்டும் என்றால் சென்னை வரை போக வேண்டியதில்லை. உங்கள் மாவட்ட வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண் விவசாயிகளுக்கும் 50 சதவீதம் வரை மானியம் உண்டு, அதற்கு உச்சவரம்பும் உண்டு. இந்த வருடப் பட்டியலில் இந்தக் கருவி இருக்கிறதா, எந்த மாடலுக்குக் கொடுக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். முன்னாடியே வாங்கிவிட்டு அப்புறம் மானியம் கேட்டால் கிடைக்காது.

உயிர்தான் முதல்!

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

1. மின்கம்பி பக்கத்தில் உள்ள கிளை நம் வேலை அல்ல. கம்பு அலுமினியம், பச்சைக் கிளையும் கரண்ட் கடத்தும். பேட்டரி ரம்பம் என்றால் ஷாக் அடிக்காது என்று நினைக்காதீர்கள். ஆபத்து கருவியின் கரண்டில் இல்லை, மேலே போகும் கம்பியில் இருக்கிறது. மின்கம்பியிலிருந்து 15 மீட்டர் தள்ளியே இருங்கள். கம்பியில் உரசும் கிளைக்கு மின்வாரிய மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

2. வெட்டும் கிளைக்கு நேர் கீழே நிற்காதீர்கள். கம்பைச் செங்குத்தாகத் தூக்காமல் சாய்த்தே பிடியுங்கள்.

3. சுற்றி 15 மீட்டருக்குள் யாரும் வரக்கூடாது. குழந்தைகளும் ஆடும் கிளை விழுந்ததும் ஓடி வரும். ஒருத்தர் காவல் நிற்கட்டும்.

4. தலைக்கவசம், கண்ணாடி, கையுறை, ஷூ. முந்தானையை இழுத்துச் செருகுங்கள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போடுங்கள். கொண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

5. ஏணி மேல் நின்று இதை ஓட்டவே கூடாது.

6. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். கை சோர்ந்தால்தான் விபத்து.

7. சங்கிலியைத் தொடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள். பெட்ரோல் என்றால் எஞ்சினை நிறுத்துங்கள்.

எப்படி வெட்டுவது?

பெரிய கிளையை ஒரே வெட்டாக வெட்டினால் பாதியில் முறிந்து, அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். மூன்று வெட்டு வேண்டும். முதலில் அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம். அடுத்து, அதற்குக் கொஞ்சம் வெளியே மேலிருந்து வெட்டினால் கிளை சுத்தமாக விழும். கடைசியாக மீதிக் கட்டையை, அடிமரத்தை ஒட்டி இருக்கும் வீக்கத்துக்கு வெளியே வெட்டுங்கள். அந்த வீக்கத்தை வெட்டிவிடாதீர்கள். காயம் ஆறுவது அங்கிருந்துதான்.

ஒரே தடவையில் மரத்தின் கால் பங்குக்கு மேல் கழிக்காதீர்கள். மாமரத்துக்கு அறுவடை முடிந்ததும் கவாத்து செய்யலாம். செடிமுருங்கைக்கு அறுவடை முடிந்ததும் தரையிலிருந்து சுமார் 90 சென்டிமீட்டர் விட்டு வெட்டினால் மறுபடி துளிர்த்துக் காய்க்கும். பறவைக்கூடு இருந்தால் குஞ்சு பறக்கும் வரை காத்திருங்கள்.

ரம்பத்திலிருந்து சீவல் சீவலாக விழுந்தால் சங்கிலி கூர்மையாக இருக்கிறது. மாவு மாதிரி விழுந்தால் வட்ட அரத்தால் தீட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

சாலையோரம், புறம்போக்கு, பள்ளி வளாகம் இவற்றில் நிற்கும் மரத்தை அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். ஆர்டர் எடுக்கும்போதே அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

குழுவில் செய்ய வேண்டியது

வாங்க முடிவு செய்தால் தீர்மானம் போடுங்கள். மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்குங்கள். உதிரிபாகம், சர்வீஸ் உங்கள் ஊருக்கு எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். பத்துக் கிலோமீட்டரில் சங்கிலி கிடைக்காத மெஷின் மலிவாக இருந்தாலும் வேண்டாம். உத்தரவாத அட்டையில் கடை முத்திரை இருக்கட்டும். யார் எடுத்தார், எத்தனை மணி ஓடியது, வாடகை எவ்வளவு என்று ஒரு நோட்டு போடுங்கள். வாடகையில் ஒரு பங்கைப் புதுப் பேட்டரிக்கோ எஞ்சின் செலவுக்கோ தனியே ஒதுக்குங்கள். பயிற்சி எடுத்த இரண்டு பேருக்குக் குறையாமல் இருந்தால்தான் கருவி வெளியே போகலாம் என்று விதி வையுங்கள்.

"இதெல்லாம் ஆம்பளைங்க வேலை" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே நகருங்கள். தொரட்டி பிடித்து ஆட்டுக்குத் தழை ஒடித்த கை நம் கை. அடுத்த கூட்டத்தில் உங்கள் ஊரில் எத்தனை மரம், எவ்வளவு தடிமன் கிளை, வருடத்துக்கு எத்தனை நாள் வேலை என்று எழுதிப் பாருங்கள். அந்தக் கணக்கே பேட்டரியா பெட்ரோலா என்று சொல்லிவிடும்.