படிக்கப் போகிற பிள்ளைக்குப் படுக்கப் பாய்

பாலாற்றோடு செய்யாறும் வேகவதியும் வந்து கலக்கும் இடம் திருமுக்கூடல். எதிர்க்கரையில் பழையசீவரம் மலை. பொங்கல் பார்வேட்டைக்குக் காஞ்சி வரதர் வரும்போது மட்டும் ஊர் நிரம்பி வழியும். மற்ற நாட்களில் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் கூட்டம் இருக்காது. அந்தக் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 950 ஆண்டுப் பழையது. பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலசாலை, அதில் மருத்துவர், அறுவை செய்பவர், மருந்து காய்ச்சும் பெண்கள், அவரவர்க்கு இத்தனை கலம் நெல் என்று சொல்வதால் மருத்துவ வரலாறு எழுதுபவர்கள் அதை விடுவதில்லை.

என் மனம் நிற்பது அந்தக் கல்வெட்டின் வேறொரு பகுதியில். கோயிலை ஒட்டி ஒரு கல்லூரியும் விடுதியும் இருந்தன. மாணவர்களுக்குச் சோறு, படுக்கப் பாய், சனிக்கிழமை தலைக்குத் தேய்த்துக் குளிக்க எண்ணெய், இரவில் விளக்குக்கு எண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் நிவந்தம் எழுதியிருக்கிறார்கள். அது வேதமும் வடமொழி இலக்கணமும் பயின்றவர்களுக்கான படிப்பு. ஊரில் உழுதவன் பிள்ளைக்கும் நெய்தவன் பிள்ளைக்கும் அங்கே இடமில்லை. அதை மறைத்துவிட்டுப் பெருமை பேசுவதற்கில்லை. ஆனால் படிக்க வருகிறவனுக்குப் புத்தி இருந்தால் மட்டும் போதாது, பாயும் எண்ணெயும் வேண்டும் என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்று இதே வட்டாரத்தில் நெசவு வீட்டுப் பிள்ளைகளும் விவசாயி வீட்டுப் பிள்ளைகளும் முதல் பட்டதாரிச் சான்றிதழோடு பொறியியல் கல்லூரிகளில் படிக்கிறார்கள். தொண்ணூறுகளில்கூட காஞ்சிப் பட்டுத் தறிகளில் முன்பணத்துக்கு ஈடாகச் சிறுபிள்ளைகள் உட்கார்ந்து வேலை செய்தார்கள். ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு தூரம் வந்தது சாதாரண காரியமல்ல. அடுத்த படிதான் வழுக்குகிறது. மூன்றாம் ஆண்டுக் கோடையில் கனடாவிலோ ஸ்வீடனிலோ பின்லாந்திலோ ஓர் ஆய்வகத்தில் பன்னிரண்டு வாரம் வேலை பழகும் வாய்ப்பு எட்டாத உயரத்தில் இருப்பதாக இந்தப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். உண்மையில் வழிகள் இருக்கின்றன. கனடாவின் மிடாக்ஸ் அமைப்பு 2009 முதல் குளோபலிங்க் என்ற பெயரில் இளநிலை மாணவர்களை அழைக்கிறது. முதலில் அழைக்கப்பட்டவர்களே இந்திய மாணவர்கள்தாம். 1948இல் லண்டனில் தொடங்கிய ஐயாஸ்டே பல நாட்டு மாணவர்களைப் பயிற்சிக்காகப் பரிமாறிக்கொள்கிறது. இரண்டும் இல்லாவிட்டால் பேராசிரியருக்கு நேரே மின்னஞ்சல். அவருடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் ஒரு கேள்வி கேட்டு எழுதிய மடலுக்குப் பதில் வரும். நூறு பேருக்கு ஒரே மடலை அனுப்பினால் வராது.

இடம் கிடைத்த பிறகுதான் கணக்கு ஆரம்பிக்கிறது. பன்னிரண்டு வாரம் என்றால் 84 நாள். ஐரோப்பிய ஷெங்கன் குறுகியகால விசாவின் 90 நாள் வரம்புக்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டினால் வசிப்பு அனுமதி வாங்க வேண்டும். சில நாடுகள் பயிற்சிக்கென்றே தனி அனுமதி கேட்கும். பாஸ்போர்ட், 90 யூரோ விசாக் கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, விமான டிக்கெட், அங்கே அறைக்கு முன்பணம் என்று கூட்டினால் லட்ச ரூபாயை எளிதில் தாண்டும். உதவித்தொகை பெரும்பாலும் போய்ச் சேர்ந்த பிறகே கைக்கு வரும். விசாவுக்கு வீட்டாரின் வங்கிக் கணக்கையும் காட்ட வேண்டும். சேலை அறுத்துக் கொடுத்தால் கூலி, அதுவும் பாதி முன்பே வாங்கித் தின்ற கூலி என்று வாழும் வீட்டில் வங்கிக் கணக்கு என்ன சொல்லும்? பிள்ளையின் மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் இந்த இடத்தில் அது செல்லாது. இது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கணிதமேதை ராமானுஜன் 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியதை நாம் மேதைமையின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அதில் ஒரு கணக்குப் புத்தகமும் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை தந்தது. கப்பல் செலவு தனி. குளிர் உடுப்பு முதலான ஆயத்தங்களுக்குப் புறப்படும் முன்பே 100 பவுண்டு. உதவித்தொகையில் ஒரு பகுதி இங்கே குடும்பத்துக்குப் போயிற்று. துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் முதல் கவர்னர் பென்ட்லண்ட் வரை இதற்காக முனைந்தார்கள். அங்கிருந்து அழைத்த கணிதவியலாளர் ஹார்டியின் கடிதம் மட்டும் அவரைக் கேம்பிரிட்ஜில் கொண்டு சேர்த்திருக்காது.

அப்படிப் போனவருக்கும் படுக்கை தெரியவில்லை. அங்கே படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் ஒரு நாள் அறைக்குப் போனபோது, ராமானுஜன் கணப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தார். இரவில் கதகதப்பாக இருக்கிறதா என்று கேட்டால், மேல்கோட்டைப் போட்டுச் சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறேன் என்றிருக்கிறார். பார்த்தால், மெத்தைக்கு அடியில் செருகி விரித்திருந்த கம்பளிகளின் மேலேயே இத்தனை நாளும் படுத்திருக்கிறார். கம்பளியை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று மகலனோபிஸ் காட்டிக்கொடுத்தார். முன்னால் போன ஒருவர் பின்னால் வருகிறவருக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயங்கள் இப்படிப்பட்டவை.

வட ஐரோப்பியக் கோடைக்கும் அப்படிச் சில பாடங்கள் உண்டு. நார்வேயின் ட்ரோம்சோவில் மே மூன்றாம் வாரம் தொடங்கி இரண்டு மாதம் சூரியன் மறைவதே இல்லை. தெற்கே ஸ்டாக்ஹோமில்கூட ஜூனில் இரவு பத்துக்குத்தான் பொழுது சாயும். கனத்த திரையோ கண்ணை மூடக் கறுப்புத் துணியோ இல்லாவிட்டால் தூக்கம் கெட்டு, வேலை கெடும். ஸ்வீடனில் கோடையில் தொடர்ந்து நான்கு வாரம் விடுப்பு எடுக்கச் சட்டமே உரிமை தருகிறது. ஜூலையில் ஆய்வகம் வெறிச்சோடிவிடும். ஜூலையில் போய் இறங்கும் மாணவர் யாரிடம் கற்பார்? மேயில் போய்விட வேண்டும். ஆனால் இங்கே சில கல்லூரிகளில் பருவத்தேர்வு மே முழுக்க இழுக்கிறது. தேதியை மாற்றித் தரவோ, பயிற்சியைப் பாடமாக ஏற்று மதிப்பெண் தரவோ கல்லூரி மனம் வைக்க வேண்டும். இன்னொன்று, அங்கே பேராசிரியரை எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ‘சார்’ என்றே பன்னிரண்டு ஆண்டு கூப்பிட்டுப் பழகிய நம் பிள்ளைக்கு நாக்கு எழாது. அதனால் சந்தேகம் வந்தாலும் கேட்காமல் இருந்துவிடுவார். இதுதான் பெரிய இழப்பு. அங்கே வாயைத் திறக்காதவருக்குப் புரிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள்.

தமிழக அரசு இதில் ஓர் அடி எடுத்து வைத்திருக்கிறது. ‘நான் முதல்வன்’ திட்டத்தில் 2024 ஜூனில் 25 மாணவ மாணவியர் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வாரப் பயிற்சிக்குச் சென்று வந்தார்கள். மனதார வரவேற்கிறேன். ஆனால் ஒரு வாரத்தில் ஊரைப் பார்க்கலாம், வேலை பழக முடியாது. பட்ட மேற்படிப்புக்கு வெளிநாடு செல்ல அரசு உதவித்தொகைகள் இருக்கின்றன. மூன்று மாதப் பயிற்சிக்கு இடம் வாங்கிவிட்டு டிக்கெட்டுக்கு அலையும் இளநிலை மாணவருக்குத் திரும்பச் செலுத்தும் முன்பண நிதி வேண்டும். உதவித்தொகை வந்ததும் அவர் கட்டிவிடுவார். அதே பணம் அடுத்த ஆண்டு இன்னொருவரை அனுப்பும். ஒவ்வொரு கல்லூரியும் பழைய மாணவர் சங்கத்தின் மூலம் பத்துப் பேருக்கு இதைச் செய்ய முடியும். அரசு விசாவுக்கு உத்தரவாதக் கடிதம் தந்தால் வங்கிக் கணக்குத் தடையும் இளகும்.

முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பாஸ்போர்ட்டை இந்த ஆண்டே எடுத்துவிடுங்கள். கட்டணம் 1,500 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். அடுத்த கோடைக்கான விண்ணப்பங்களில் சில முந்தைய ஆவணி, புரட்டாசியிலேயே முடிந்துவிடும். தை பிறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.