ஸ்வீட்டஸ்ட் என்றால் ‘மிக இனிய’ அல்ல

பொதுத்தேர்வு நெருங்குகிறது. தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து வரும் கடிதங்களில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது: ஸ்வீட்டஸ்ட். கைடுகள் அதற்கு ‘மிக இனிய’ என்று பொருள் போடுகின்றன. நம்ப வேண்டாம். ‘மிக இனிய’ என்பது வெரி ஸ்வீட். அப்படிச் சொல்ல ஒரு பொருள் கையில் இருந்தால் போதும். ஸ்வீட்டஸ்ட் என்று சொல்லப் பல பொருள்கள் வேண்டும், அவற்றில் எதுவும் இதை மிஞ்சக் கூடாது.

வில்லூண்டித் தீர்த்தத்தையே எடுத்துக்கொள்வோம். கடலுக்குள் கிணறு, ஆனாலும் நல்ல தண்ணீர். குடித்துப் பார்த்தவர் வெரி ஸ்வீட் என்று தாராளமாகச் சொல்லலாம். ஸ்வீட்டஸ்ட் என்று சொன்னால், எவற்றுள் என்று கேட்டாக வேண்டும். தங்கச்சிமடத்துக் கிணறுகளிலா? ராமநாதசுவாமி கோயிலின் 22 தீர்த்தங்களையும் சேர்த்தா? ஆங்கிலத்தில் இதைச் சொல்லாமலே தப்பித்துவிடலாம். தமிழில் முடியாது. ‘இருப்பதிலேயே இனிப்பு’ என்றுதான் சொல்வோம். அந்த ‘இருப்பதிலேயே’ போனால் உச்சமும் போய்விடும். உச்சத்தைக் காட்டும் விகுதி திராவிட மொழிகளில் இல்லை என்பதைக் கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே குறித்திருக்கிறார். அதைக் குறையாக நான் நினைக்கவில்லை. முருகன் இனியது எது என்று கேட்க, ஔவை தனிமையில் தொடங்கி, ‘அதனினும்’ என்று ஒவ்வொரு படியாக ஏறி, அறிவுடையோரைக் கனவிலும் நனவிலும் காண்பதில் போய் நிற்கிறார். எதை எது மிஞ்சியது என்பது கேட்பவர் கண்முன்னே நடக்கிறது.

ஆங்கில விகுதியின் பூர்வீகம் நமக்கு அந்நியமல்ல. ஜேஷ்டன், கனிஷ்டன், சிரேஷ்டம், வசிஷ்டர்: இவற்றின் கடைசியில் ஒலிக்கும் ‘இஷ்ட’தான் ஆங்கிலத்தின் ‘எஸ்ட்’. மூத்தவர்களில் மூத்தவன் ஜேஷ்டன், இளையவர்களில் இளையவன் கனிஷ்டன். ஸ்வீட் என்பதும் சமஸ்கிருத ‘ஸ்வாது’வும் ஒரே வேரில் பிறந்தவை. சமஸ்கிருதத்தின் ‘த’ ஆங்கிலத்தில் ‘ட’வாக நிற்பது ஒழுங்கான மாற்றம், தச என்பது டென், த்வி என்பது டூ. ஆக, ஸ்வீட்டஸ்ட் என்பது அசை அசையாக ‘ஸ்வாதிஷ்ட’. ரிக் வேதத்தின் ஒன்பதாம் மண்டலம் இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. கிரேக்கத்தில் இதன் உடன்பிறப்பு ‘ஹேடிஸ்டோஸ்’.

ராமேஸ்வரம் வரும் வட இந்தியப் பயணிகள் சாப்பாடு பிடித்துப்போனால் ‘ஸ்வாதிஷ்ட்’ என்கிறார்களே, அதே சொல். ஆனால் இந்தியில் இன்று அதற்கு ‘ருசியான’ என்றுதான் பொருள். எவற்றுள் என்று யாரும் கேட்காமல் விட்டதால், உச்சமாக இருந்த சொல் சாதாரண அடைமொழியாகிவிட்டது. கைடுகள் ‘மிக’ போட்டு ஸ்வீட்டஸ்டையும் அந்த வழிக்கே தள்ளுகின்றன.

மற்ற கேள்விகள்:

‘மோஸ்ட் ஸ்வீட்’ தவறா? ஷேக்ஸ்பியர் எழுதியிருக்கிறார், தேர்வில் எழுதாதீர்கள்.

முன்னால் ‘தி’ வேண்டுமா? வேண்டும்.

இரண்டை மட்டும் ஒப்பிட்டால்? ஸ்வீட்டர்.

‘சுவை’யிலிருந்து ஸ்வீட் வந்ததா? ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது.