இருளர் கூட்டுறவு: பழைய தொழிலிலிருந்து புதிய தொழில்

மண்ணிற் படிந்த மெல்லிய தடத்தையும், உரித்துப் போட்ட சட்டையையும் கண்டே வளைக்குள் இருப்பது இன்ன பாம்பு என்று கூறவல்லவர் இருளர். பல்லாண்டுகள் அவர்கள் பாம்பைப் பிடித்து, அதன் தோலை வியாபாரிகளுக்கு விற்று ஜீவனம் நடத்தி வந்தனர். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அவ்வியாபாரம் நின்றது. எலிகளை அழித்துப் பயிரைக் காக்கும் பாம்பினத்திற்கு அச்சட்டம் நன்மையே. ஆயினும், நிலமும் முதலும் இல்லாத இருளர் குடும்பங்கள் பிழைப்பிற்கு வழியின்றித் தவித்தன.

இந்நிலையில் 1978-இல் ரோமுலஸ் விட்டேகர் என்னும் அறிஞரின் துணையுடன் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. சென்னையை அடுத்த வடநெம்மேலியில் அது இயங்கி வருகிறது. தோலுக்குப் பாம்பைக் கொல்ல வேண்டும். நஞ்சுக்குக் கொல்ல வேண்டுவதில்லை. இதுவே புதிய தொழிலின் அடிப்படை.

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அங்கத்தினர் பிடித்து வருவர். சங்கம் அவற்றிற்கு விலை கொடுத்து, சில வாரங்கள் வைத்திருந்து, இடைவெளி விட்டு நஞ்செடுத்தபின் காட்டில் விட்டுவிடும். உலர்த்திய நஞ்சு மருந்து நிலையங்களுக்கு விற்கப்படுகிறது. அங்கே அதனைச் சிறிது சிறிதாகக் குதிரையின் உடலிற் செலுத்தி, அதன் இரத்தத்திலிருந்து நச்சுமுறி மருந்து தயாரிக்கின்றனர். வயலில் பாம்பு தீண்டிய உழவனின் உயிரைக் காப்பது அம்மருந்தே.

பஞ்சாயத்து அங்கத்தினர் இதிலிருந்து அறிய வேண்டுவன சில உண்டு. பழைய பிழைப்பை இழந்தோர்க்குப் பழக்கமில்லாத தொழிலைத் திணித்தல் ஆகாது; அவர்தம் கைவந்த அறிவையே முதலாகக் கொள்ளல் வேண்டும். தனி ஒருவருக்குக் கிட்டாத அரசு அனுமதியும் நியாய விலையும் சங்கமாகச் சேர்ந்தால் கிட்டும். ஆனால், ஒரே பொருளை நம்பிய தொழிலில் அபாயமும் உண்டு. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் பாம்பு பிடிக்க இயலாது. அனுமதி தாமதித்தால் வருவாயும் நின்றுவிடும். ஆதலின் துணைத்தொழிலும் வேண்டும்.

2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரு இருளர் பத்மஸ்ரீ விருது பெற்றனர். பெருமை தேடி வந்துவிட்டது. வீட்டுமனைப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் இன்றி உங்கள் ஊரில் வாழும் இருளர் குடும்பம் உண்டாயின், அவற்றைப் பெற்றுத் தருவதில் முன்னிற்பது உங்கள் கடமையாகும்.