ஜிஞ்சர்பிரெட்டில் ஒரு கிரைண்டர்: நமுத்துப் போகாமல் நிற்க வைப்பது எப்படி?

இன்ஸ்டாகிராமில் டிசம்பர் முழுக்க ஜிஞ்சர்பிரெட் வீடுகள்தான். நம்ம ஊரில் அதே பிஸ்கட்டில் ஒரு டேபிள்டாப் கிரைண்டர் செய்தால்? செய்யலாம். ஆனால் ஜெர்மனியில் நிற்கும் ரெசிபி, கம்பம் பள்ளத்தாக்கில் அப்படியே நிற்காது.

ஏன் இந்த பிஸ்கட்?

2020-ல் ராமநாதபுரத்தில் ஒரு பேக்கரி, மாரடோனாவுக்கு ஆறடி உயர கேக் செய்து கவனம் ஈர்த்தது. ஆனால் கேக் மெத்தென்று இருக்கும். அதில் சுவர் எழுப்புவது கஷ்டம். ஜிஞ்சர்பிரெட் பலகை மாதிரி காயும். மணம் தருவது இஞ்சி, பட்டை, கிராம்பு. ஏலக்காய் சேர்ப்பவர்களும் உண்டு. அது ஏலம் போகும் போடி, இங்கிருந்து பக்கம்தான்.

எதிரி யார்?

எடை அல்ல, ஈரம். டப்பாவைத் திறந்து வைத்தால் முறுக்கு நமுத்துப் போகுமே, அதே கதைதான். சர்க்கரை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். தேனும் வெல்லமும் இன்னும் அதிகமாக இழுக்கும். அனுமந்தன்பட்டி போன்ற ஊர்களில் வீடுகளில் குடில் கட்டும் டிசம்பர், வடகிழக்குப் பருவமழையும் இருக்கும் மாதம். காலையில் நிமிர்ந்து நிற்கும் சுவர், ராத்திரிக்குள் வளையலாம்.

மாவில் என்ன மாற்றம்?

தேன், வெல்லத்தைக் குறைத்து வெள்ளைச் சர்க்கரையைக் கூட்டுங்கள். சோடா உப்பு வேண்டாம். போட்டால் உப்பி, அளவு மாறிவிடும். 6 மில்லிமீட்டர் கனத்தில் சீராகத் தேய்த்து, நன்றாகக் காயும்வரை பேக் செய்யுங்கள். சூடாக இருக்கும்போதே ஓரங்களைக் கத்தியால் நேராக்குங்கள். ஆறினால் உடையும்.

கிரைண்டரை எப்படிக் கட்டுவது?

முதலில் அட்டையில் ஒரு மாதிரி செய்து, செலோடேப் ஒட்டிப் பாருங்கள். அடிப்பெட்டிக்கு நான்கு சுவர், ஒரு மேல்பலகை. டிரம்தான் சவால். எவர்சில்வர் டப்பாவைப் படுக்க வைத்து, பட்டர் பேப்பர் சுற்றி, அதன் மேல் மாவை அரை வட்டமாகப் போர்த்தி பேக் செய்யுங்கள். முழுக்க ஆறிய பிறகே எடுக்க வேண்டும். இப்படி இரண்டு செய்து ஒட்டினால் டிரம் ரெடி. உள்ளே சுற்றும் கல்லுக்குப் பொரி உருண்டை போதும். கனமாக மாவு உருட்டினால் நடுவில் வேகாது.

ஒட்டுவதற்கு முட்டை வெள்ளைக்கருவும் ஐசிங் சுகரும் அடித்த ராயல் ஐசிங். காய்ந்தால் சிமென்ட் மாதிரி இறுகும். அடிப்பெட்டியை ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள், டிரம் மறுநாள். அவசரப்பட்டால் மொத்தமும் சரியும்.

உள்ளே குச்சி வைத்தால் ஏமாற்றா?

இல்லை. 2013-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் கின்னஸ் சாதனை படைத்த ஜிஞ்சர்பிரெட் வீட்டுக்கே உள்ளே மரச்சட்டம்தான் தாங்கல்.

கடைசியாக ஒரு டெஸ்ட்

கட்டுவதற்கு முன் ஒரு துண்டை ராத்திரி முழுக்கத் திறந்து வையுங்கள். காலையில் 'டக்'கென்று உடைந்தால் கட்டலாம். வளைந்தால், எல்லாத் துண்டுகளையும் குறைந்த சூட்டில் மறுபடி காய வையுங்கள். கட்டி முடித்ததை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்; வெளியே எடுத்ததும் வேர்த்துவிடும். ஏசி அறை நல்லது. இல்லையென்றால் மூடிய கண்ணாடிப் பெட்டியும், அதற்குள் நாலைந்து சிலிக்கா ஜெல் பாக்கெட்டும். மாவு அரைக்காது, ஆனால் கிறிஸ்துமஸ் வரை நிற்கும்.