கையொப்பத்தின் விலை

1938 ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதலாந் தேதி நியூயோர்க் நகரத்துச் சஞ்சிகைக் கம்பனியொன்று இரண்டு இளைஞர்களின் பெயருக்கு ஒரு காசோலை எழுதிற்று. தொகை 412 டொலர். அதில் பெரும்பகுதி அவர்கள் வேறு கதைகளுக்குச் செய்து கொடுத்த வேலைக்கான கூலி. எஞ்சிய 130 டொலர் ஒரு கதைமாந்தனின் முழு உரிமைக்குமான கிரயம். அக்கதைமாந்தனே சுப்பர்மான். அவனை எழுத்தில் பிறப்பித்தவர் ஜெரி சீகல். கோட்டில் பிறப்பித்தவர் ஜோ சுஸ்டர். பணத்தை எடுக்கும் பொருட்டு இருவரும் காசோலையின் பின்புறத்திலே கையொப்பமிட்டனர். 74 ஆண்டுகள் கழித்து, 2012 இல், என்றோ செல்லாதாகிவிட்ட அந்தக் காகிதத் துண்டு ஏலத்தில் 160,000 டொலருக்கு விலைபோயிற்று. உரிமையை விற்றுப் பெற்ற தொகையிலும் பார்க்க அது ஆயிரத்திருநூறு மடங்குக்கு மேல்!

சித்திரக் கதைப் புத்தகங்களில் ஓவியரின் கையொப்பத்தையும் சிறு படத்தையும் பெற்று, அவற்றுக்குப் புள்ளி இடுவித்து, பிளாஸ்திக்குப் பேழையில் முத்திரையிட்டுச் சேமிக்கும் வழக்கம் அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்று பெரியதொரு வாணிபமாக வளர்ந்திருக்கின்றது. முதிர்ந்தவர்களின் விளையாட்டுப் புத்தி என்று அதனை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காசோலையின் கதையை அறிந்த பிறகு யாருக்கும் வராது.

இப் புத்தகங்கள் சேமிப்பதற்கென்று அச்சிடப்பட்டவை அல்ல. பத்துச் சதத்துக்கு விற்ற சரக்கு. நாளிதழ் அச்சிடும் மட்டமான தாள். மரக்கூழிலுள்ள லிக்னின் காற்றும் வெளிச்சமும் பட்டு மஞ்சளாகி, பின்பு பழுப்பாகி, கடைசியில் அப்பளம்போல நொறுங்கும் இயல்புடையது. சிறுவர்கள் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்கள். கை மாற்றிக் கிழித்தார்கள். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பழந்தாள் சேகரிப்புக்கென வீடு வீடாக வாங்கி அரைத்தார்கள். யுத்தம் முடிந்தபின், 1948 இல், பிள்ளைகளைக் கெடுக்கும் நூல்கள் என்று சில ஊர்களிலே பாடசாலை முற்றங்களில் குவித்துத் தீயிட்டார்கள். 1954 இல் மனநோய் மருத்துவர் பிரெட்ரிக் வேர்தம் எழுதிய கண்டன நூலும் செனற் சபையின் விசாரணையும் சேர்ந்து இத்தொழிலையே ஆட்டங்காண வைத்தன. நமது ஆசிரியப் பெருமக்களும் இந்த விஷயத்தில் வேர்தமின் கட்சியினரே. பறித்தெடுத்த புத்தகங்கள் ஆசிரியர் ஓய்வறையில் என்னவாயின என்பது மட்டும் மாணவர் அறியாத இரகசியம்.

இத்தனைக்கும் தப்பியவை சில. அவற்றுட் புகழ்பெற்றது எட்கர் சேர்ச் என்னும் விளம்பர ஓவியரின் திரட்டு. கொலராடோ மாகாணத்தில் அவருடைய வீட்டிலே இருண்ட, உலர்ந்த அறையொன்றில் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்த பல்லாயிரம் புத்தகங்கள் 1977 இல் வெளிப்பட்டன. நாற்பதாண்டு கழிந்தும் மை மினுங்க, நேற்று அச்சானவை போல அவை இருந்தனவாம். வெளிச்சமும் ஈரமும் கைகளும் தீண்டாமையே காரணம்.

“நல்ல நிலையில் உள்ளது” என்று விற்பவன் சொல்வதும் வாங்குபவன் நினைப்பதும் ஒன்றாக இராதன்றோ? 1970 இல் றொபர்ட் ஓவர்ஸ்ட்றீட் என்பவர் வெளியிடத் தொடங்கிய விலைக் கையேடு இப் பிணக்குக்கு ஒரு பொதுமொழியைத் தந்தது. ஆயினும் தீர்ப்புச் சொல்பவன் விற்பவனாகவே இருந்தான். 2000 ஆம் ஆண்டில் சேர்ட்டிபைட் கரன்ரி கம்பனி என்ற நிறுவனம் தோன்றி, தானும் வாங்காது விற்காது, கூலிக்குத் தீர்ப்பு மட்டும் வழங்கும் மூன்றாமவனாக நடுவே வந்தமர்ந்தது. புளோரிடாவிலுள்ள அந்நிறுவனத்துக்குப் புத்தகத்தை அனுப்பினால் முதலிற் பக்கங்களை எண்ணுகிறார்கள். பின்பு யாரேனும் நிறம் பூசினார்களா, கிழிசலை ஒட்டினார்களா, ஓரத்தை வெட்டினார்களா என்று ஆராய்கிறார்கள். ஒருவருக்கு மேற்பட்டோர் பார்த்து 0.5 முதல் 10 வரை புள்ளி இடுகிறார்கள். முதுகிலே மயிரிழை போன்ற மடிப்புக்கோடு, மழுங்கிய மூலை, கம்பியில் துரு ஆகிய ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறையும். ஈற்றில் தெளிந்த பேழைக்குள் இட்டு மூடி, மேலே சீட்டு ஒட்டுவார்கள். சாதாரணப் பிரதிக்கு நீலச் சீட்டு. பழுது பார்க்கப்பட்டதற்கு ஊதா. 9.6 க்கும் 9.8 க்கும் உள்ள வேற்றுமையை என் கண்ணால் காண இயலவில்லை. விலையில் மட்டும் அவ்வேற்றுமை நன்றாகத் தெரிகிறது. சுப்பர்மான் முதன்முதல் தோன்றிய 1938 ஆம் ஆண்டு இதழின் 8.5 புள்ளி பெற்ற பிரதியொன்று 2024 ஏப்ரலில் 60 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது.

கையொப்பமுள்ள பிரதிகளுக்கு உரியது மஞ்சட் சீட்டு. இங்கேதான் விஷயம் சுவைபெறுகிறது. ஓவியர் பேனாவை அட்டைமேல் வைக்கும் கணத்தில் நிறுவனத்தின் சார்பில் ஒரு சாட்சி அருகில் நின்று கண்ணாற் காண வேண்டும். கண்டவர் அப்போதே புத்தகத்தைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்வார். சாட்சியில்லாத கையொப்பம், உண்மையிலே அந்த ஓவியரே இட்டதாயினும், கையொப்பமாகக் கொள்ளப்படாது. “அட்டையில் எழுத்து உள்ளது” என்னுங் குறையாகப் பதிவாகிப் பச்சைச் சீட்டுப் பெறும். உறுதி முடிப்பதற்குப் பிரசித்த நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் தேவை என்பதை அறிந்த நம்மவருக்கு இது விளங்காததன்று. பின்னாளில், நிபுணர்களைக் கொண்டு கையெழுத்தை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் முறையும் வந்தது. ஆயினும் கண்ட சாட்சிக்குள்ள மதிப்பே தனி.

ரொறன்ரோவில் ஆகஸ்ட் மாத இறுதியில் ஆண்டுதோறும் நடக்கும் பெருங் கண்காட்சிக்கு என் தமக்கை மகன் என்னை அழைத்துச் சென்றான். ஜோ சுஸ்டர் 1914 இல் பிறந்த நகரம் அது. இன்று அங்கே அவர் பெயரால் ஒரு வீதியே உண்டு. எம்மவர் பெருந்தொகையினராய்க் குடியேறி வாழும் நகரமும் அதுவே. கோயில் திருவிழாவைப் போன்ற சன நெருக்கம். ஓவியர்கள் வரிசையாக மேசைபோட்டு அமர்ந்திருந்தார்கள். ஒரு மேசையில் வைத்திருந்த கட்டண அட்டையைப் பார்த்து வியந்தேன். சாதாரணக் கையொப்பத்துக்கு ஒரு விலை. புள்ளியிட அனுப்பப்போகும் பிரதிக்கு அதனிலுங் கூடிய விலை. பெயர் எழுதிக் கொடுப்பதற்குக் கட்டணமேயில்லை.

“பெயர் எழுதினால் விலை குறைஞ்சிடும், மாமா. ஆரோ ஒருத்தருடைய பெயர் இருக்கிற புத்தகத்தை மற்றவன் ஏன் வாங்கிறான்?” என்றான் மருமகன்.

நமது நூல் வெளியீட்டு விழாக்களை எண்ணிக்கொண்டேன். “அன்பு நண்பருக்கு” என்று பெயரிட்டு ஆசிரியர் ஒப்பமிட்ட பிரதியைத்தானே நாம் பெட்டகத்தில் வைத்துப் போற்றுகிறோம்! அங்கேயோ, இன்னாருக்கு என்று குறிக்காத கையொப்பமே பொன்னாகின்றது.

படமுள்ள பிரதிகளின் சங்கதி வேறு. இதற்கெனவே வெற்று வெள்ளை அட்டையோடு கம்பனிகள் இதழ்களை வெளியிடுகின்றன. ஓவியர் அதன்மேல் நேரே வரைந்து தருகிறார். அச்சான புத்தகம் பல்லாயிரம். இந்த அட்டையோ உலகில் ஒன்றே ஒன்று. நான் பார்த்துக்கொண்டிருந்தபோது நரைத்த தலையினரான ஓவியரொருவர் பட்மானின் முகத்தை வரைந்தார். பென்சிலாற் சில வட்டங்கள்; பின்பு தூரிகையில் மை தோய்த்து ஒரே இழுப்பில் முக்காட்டின் கரிய நிழல். இருபது நிமிடம் யாரும் வாய்திறக்கவில்லை. அருகே நின்ற சாட்சிக்காரப் பெண்ணும் தன் கடமையை மறந்து வாய்பார்த்திருந்தாள் என்றே எனக்குத் தோன்றிற்று.

ஓவியர்கள் பணம் வாங்குவதைப் பழிப்போர் உளர். நான் பழிக்க மாட்டேன். சீகலும் சுஸ்டரும் உரிமைக்காக நீதிமன்றம் ஏறித் தோற்றார்கள். முதுமையில் ஒருவர் எழுதுவினைஞராய்ச் சீவித்தார். மற்றவருக்கோ கண்பார்வை மங்கிற்று. நீல் அடம்ஸ் முதலிய ஓவியர்கள் முன்னின்று கிளர்ச்சி செய்த பின்னரே, 1975 இல், ஆண்டுக்கு 20,000 டொலர் உபகாரச் சம்பளமும் கதையில் தம் பெயரும் அவர்களுக்குக் கிடைத்தன. மார்வெல் கம்பனியின் மாபெரும் ஓவியரான ஜக் கேர்பி, தாம் வரைந்த மூலப் பக்கங்களைத் திரும்பப் பெறப் பல்லாண்டு போராடினார். பதினாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களுள் 1987 இல் அவர் கைக்கு வந்தவை ஏறத்தாழ 2,000. கதையும் கம்பனியுடையது, படமும் கம்பனியுடையது, படம் வரைந்த தாளும் கம்பனியுடையது என்றிருந்த உலகத்தில் ஓவியன் தன்னுடையது என்று சொல்லக்கூடியதாய் எஞ்சியது அவன் கைதான்.

கையொப்பம் பொய் சொல்லுவதும் உண்டு. பட்மான் கதைகளிற் பல்லாண்டுகளாகப் பொப் கேன் என்னும் ஒப்பமே அச்சாகி வந்தது. அவற்றுட் பல, கூலிக்கமர்ந்த வேறு ஓவியர்கள் வரைந்தவை. கேனுடன் சேர்ந்து பட்மானுக்கு முக்காடும் மேலங்கியும் பெயரும் அமைத்துக் கதையெழுதிய பில் பிங்கரின் பெயர் வெளியிலே தெரியவில்லை. அவர் 1974 இல் மறைந்தார். பட்மானைப் படைத்தவர்களுள் ஒருவராக அவர் பெயர் முறைப்படி இடம்பெற்றது 2015 இலேதான். அவர் வாழ்ந்த காலத்திலே கையொப்பம் கேட்டு வரிசையில் நின்றவர்கள் இல்லை. ஆதலால் இன்று அது கிடைத்தற்கரிய பொருளாகிவிட்டது.

இத்தொழிலின் குறைகளையும் சொல்ல வேண்டும். புள்ளி இடுவதற்கு முன் சூடும் ஈரமும் கொடுத்து அழுத்தி மடிப்பு நீக்குகிறார்கள். அது பழுதுபார்த்தல் ஆகாதாம்! எனக்கு இந்த வியாக்கியானம் பிடிபடவில்லை. பேழையைத் தந்திரமாகத் திறந்து தாழ்ந்த பிரதியை உள்ளே வைத்த மோசடி 2023 இறுதியில் வெளிப்பட்டுச் சேகரிப்போரைக் கலங்கவைத்தது. 2021 இல் இந்நிறுவனத்தின் தாய்க் கம்பனியில் பெரும்பங்கைப் பிளாக்ஸ்ரோன் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது என்றால், பிள்ளைகளின் பத்துச் சதப் புத்தகம் எங்கே வந்து நிற்கிறது என்பதை ஊகிக்கலாம். எல்லாவற்றிலும் பெரிய குறை, பேழைக்குட் புகுந்த புத்தகத்தை இனி எவரும் வாசிக்க இயலாதென்பது. மருமகனின் சுவரலமாரியில் நாற்பது பேழைகளுக்குக் குறையாமல் நிற்கின்றன. அட்டைகளை மட்டுமே பார்த்து வந்தேன்.

அலமாரியின் கீழ்த்தட்டில், பேழையில்லாமல், ஒரு பொலித்தீன் உறையில் மட்டும் ஒரு புத்தகம் கிடந்தது. அதுவும் பட்மான் கதையே. முதுகு வெடித்திருந்தது. அட்டையில் ஒரு கையொப்பம். பக்கத்திலே கட்டைவிரலளவில் பட்மான் தலை. அதற்கு மேல் பிழையான எழுத்துக்கூட்டலோடு என் மருமகனின் பெயர். கனடாவுக்குப் போய்ச் சேர்ந்த மறு வருடம், பன்னிரண்டு வயதில், ஒரு கடையில் வரிசையில் நின்று வாங்கினானாம். ஆங்கிலம் சரியாகப் பேச வராத காலம். ஓவியர் பெயரைக் கேட்டார், இவன் சொன்னான், அவருக்கு விளங்கவில்லை. மூன்று முறை கேட்டு, பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, பொறுமையாக எழுதிக் கொடுத்தாராம். அவர் இன்று உயிரோடில்லை.

“இதை அனுப்பவில்லையா?” என்றேன்.

“அனுப்பினால் 3.0 வரும், மாமா. சாட்சி இல்லை. பெயர் வேறை எழுதிக் கிடக்கு, அதுவும் பிழையாய்.”

உறையிலிருந்து அதை எடுத்து என் கையில் தந்தான். தாள் பழுப்பேறி, பழைய புத்தகத்துக்கே உரிய மணம் வீசிற்று. நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு முதற் பக்கத்திலிருந்து வாசிக்கலானேன்.